சேற்றில் பிழைக்கும் மீன் தொட்டியில் ஏன் சாகிறது? சென்னையில் நாட்டு மீன் வளர்க்கப் புதியவர்களுக்கு

வயல் வாய்க்காலில் கணுக்கால் அளவு கலங்கல் தண்ணீர். மே மாத வெயிலில் கை வைத்தால் சுடுகிறது. அதில் துள்ளித் திரிந்த மீனைப் பிடித்துவந்து, பளிச்சென்று கழுவிய கண்ணாடித் தொட்டியில் விட்டால் நான்காம் நாள் மிதக்கிறது. ‘ஏரி மீன் வீட்டில் தங்காது’ என்று அதோடு பலரும் கைவிட்டுவிடுகிறார்கள்.

அந்த வாய்க்காலின் சேற்றிலும் பாசியிலும் இருந்த பாக்டீரியா மீனின் கழிவை உடனுக்குடன் செரித்துக்கொண்டிருந்தது. ஒளிய வேர் இருந்தது. வாயைத் திறந்தால் உயிருள்ள இரை இருந்தது. புதுத் தொட்டியில் இந்த மூன்றும் இல்லை, வெறும் தெளிவு மட்டும்தான் இருக்கிறது. எனவே வரிசை இதுதான்: முதலில் தண்ணீர், பிறகு தொட்டி, பிறகு ஒரு மாதக் காத்திருப்பு, கடைசியில் மீன். வலையை முதலில் வாங்குகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எது?

சென்னையில் ஒரே தெருவில் மூன்று விதத் தண்ணீர் வரும். மெட்ரோ குழாய், லாரித் தண்ணீர், போர்த் தண்ணீர். அடுக்குமாடியில் மூன்றும் ஒரே சம்ப்பில் கலந்து மேலே ஏறும். வாட்ச்மேனிடமோ சம்ப்பைப் பார்த்துக்கொள்கிறவரிடமோ எந்த நாளில் எது ஏறுகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றும், சொட்டு மருந்து வகை அம்மோனியா, நைட்ரைட், பி.எச். (அமில, காரத்தன்மை) சோதனைப் பெட்டியும் வாங்குங்கள். காகிதப் பட்டை வகை மலிவு, ஆனால் நமக்குத் தேவையான சிறிய வித்தியாசங்களை அதில் பிரித்துப் பார்ப்பது கடினம்.

சமவெளி மீன்களுக்கு டி.டி.எஸ். 150 முதல் 600 வரை கவலையில்லை. 1000 வரையிலும் மெல்லப் பழக்கினால் தாங்கும். போர்த் தண்ணீர் 1500-ஐத் தாண்டினால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஆர்.ஓ. என்றால் குடிக்கிற குழாயில் வருவது. பக்கத்துக் குழாயில் கழிவாக வெளியேறுவதை ‘வீணாகிறதே’ என்று பிடித்து ஊற்றுகிறவர்கள் உண்டு. நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மெட்ரோ, லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் விட்டால் பறந்துவிடும். அவசரத்துக்கு, மீன் கடைகளில் ‘ஆன்டி குளோரின்’ என்று விற்கும் சோடியம் தயோசல்ஃபேட் கற்கண்டுகள் போதும். 10 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வையுங்கள். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீருக்கு இந்தக் கரைசல் 1 மில்லி. லாரித் தண்ணீருக்கு 2 மில்லி, அதில் குளோரினைத் தாராளமாகப் போட்டுவிடுவார்கள். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை மதியம் பிடிக்காதீர்கள். விடியற்காலையில் பிடித்து வைத்ததுதான் மீனுக்கு ஆகும்.

தொட்டி

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். இதற்குக் குறைந்ததில் புதியவர் தொடங்க வேண்டாம். தண்ணீர் அதிகமாக இருந்தால் தவறுகள் மெதுவாக நடக்கும், திருத்த நேரம் கிடைக்கும். 90 × 30 × 30 செ.மீ. தொட்டியில் மேலே 5 செ.மீ. இடம் விட்டு, அடியில் மணல் போட்டது போக 65 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். மணலும் கண்ணாடியும் சேர்த்து எடை 90 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்ட் வேண்டும், ஸ்டாண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தெர்மாகோல் ஷீட் வேண்டும். மேற்குப் பார்த்த பால்கனியில் வைக்காதீர்கள்.

மணல் 3 செ.மீ. உயரம், கிட்டத்தட்ட 13 கிலோ. கழுவிய நைஸ் ஆற்று மணல்தான் வேண்டும். கட்டடத்துக்கு வாங்கும் எம்-சாண்ட் உடைத்த கல், விளிம்பு கூர்மையானது. அயிரை மணலை வாயால் அள்ளி, செவுள் வழியாகத் துப்பித்தான் இரை தேடும். எம்-சாண்டில் அதன் மீசை தேய்ந்து புண்ணாகும். மணலை வாளியில் போட்டுத் தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள், பத்துப் பதினைந்து முறை ஆகும்.

வடிகட்டிக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு. வேகமான மோட்டார் ஃபில்டர் வேண்டாம். நம் குளத்து மீன்கள் நிற்கும் தண்ணீரில் பிறந்தவை. நாள் முழுக்க நீரோட்டத்தை எதிர்த்தே களைத்துப்போகும். ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் கசக்கினால் குளோரினில் பாக்டீரியா செத்து, தொட்டி முதல் நாள் நிலைமைக்குப் போய்விடும்.

மூடி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வாய்க்கால் மீனுக்குத் தாவுவது பிறவிக் குணம், குட்டை வற்றினால் அடுத்த குட்டைக்குப் போயாக வேண்டும். பனையேறிக் கெண்டை பனையில் இருந்ததாக தரங்கம்பாடியிலிருந்து டேனிஷ் கம்பெனி அதிகாரி டால்டார்ஃப் எழுதியது 1797-இல் அச்சேறியது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், மூடியை மட்டும் இறுகப் போடுங்கள். கண்ணாடி மூடியைவிட நைலான் கொசுவலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மூடி சென்னைக்கு நல்லது, ஆவி வெளியேறித் தண்ணீர் குளிரும். ஏர் டியூப் நுழையும் இரண்டு செ.மீ. ஓட்டையைப் பஞ்சு வைத்து அடையுங்கள். காலையில் தரையில் கருவாடாகக் கிடப்பது பெரும்பாலும் அந்த ஓட்டை வழியாக வந்ததாகத்தான் இருக்கும்.

உள்ளே வேலம்பாசி ஒரு கைப்பிடி, மேலே மிதக்கும் செடி பாதி இடம், ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டை இரண்டு, நாலைந்து காய்ந்த பாதாம் இலை. பாதாம் மரம் இல்லாத தெரு சென்னையில் குறைவு. தானாக உதிர்ந்து பழுப்பானதாக எடுங்கள், பச்சை இலை அழுகும். தண்ணீர் டீ நிறமாவது மீனுக்கு நல்லதுதான். விளக்கு 6 மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டாம். ஏரியிலிருந்து எடுத்த செடியாக இருந்தால், லிட்டருக்கு 10 மி.கி. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் 10 நிமிடம் முக்கி, நன்றாக அலசிப் போடுங்கள். அப்படியும் ஒருமுறை வெள்ளைத் தட்டில் உதறிப் பாருங்கள். தட்டான்பூச்சியின் இளம்புழு ஒன்று ஒளிந்து வந்தால் போதும், குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிடும்.

மீன் இல்லாத ஒரு மாதம்

மீனின் கழிவு அம்மோனியா. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது ஓரளவு வரை பாதகமில்லை. இந்தப் பாக்டீரியா ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நாள் ஆகும். அதற்குள் மீனை விட்டால்தான் அந்த நான்காம் நாள் சாவு.

சென்னையில் இது மற்ற ஊர்களைவிடக் கடுமை. அம்மோனியாவில் கொல்லும் பகுதி எவ்வளவு என்பதைச் சூடும் பி.எச்.சும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரித் தண்ணீரில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷமாக இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதே சூட்டில் பி.எச். 8.2 என்றால் 11 சதவீதம். நம் போர்த் தண்ணீரில் பி.எச். 8 வருவது சர்வசாதாரணம். பெங்களூருக்காரர் சொன்ன ‘ஒரு வாரம் போதும்’ என்ற யோசனை இங்கே எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

செய்முறை சுலபம், நாற்றம் கொஞ்சம் உண்டு. 10 கிராம் எடையில் ஒரு இறாலைப் பழைய சாக்ஸில் கட்டித் தொட்டியில் தொங்கவிடுங்கள். ஃபில்டர் ஓடட்டும். மூன்றாம் நாளிலிருந்து அம்மோனியாவைச் சோதியுங்கள். 3 பி.பி.எம். (லிட்டருக்கு 3 மி.கி.) வந்ததும் இறாலை எடுத்துவிடுங்கள். பிறகு தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள், பாக்டீரியாவுக்கும் சாப்பாடு வேண்டுமே. அம்மோனியா இறங்கும்போது நைட்ரைட் ஏறும். இரண்டாவது, மூன்றாவது வாரம் சோதனைக் குழாய் அடர்ந்த ஊதாவாகவே நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். தீனி போட்ட மறுநாள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். நம் சூட்டில் நான்கைந்து வாரம் ஆகும். கடைசியில் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

எந்த மீன்

சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை வீட்டுத் தொட்டிக்கு ஆகாதவை. எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடலாம். விரால் குட்டி சிவப்பாக, கூட்டமாக, கொள்ளை அழகாக இருக்கும், வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தொடும். கொரவை ஓரடி வரும், உடன் இருப்பதையெல்லாம் தின்னும். கெளுத்தி பகலில் சாது, இரவில் வேட்டைக்காரன். தேளியின் பக்க முள்ளில் நஞ்சு உண்டு. குத்தினால் கை தாங்கும் அளவு வெந்நீரில் அரை மணி நேரம் வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். உளுவை மணலோடு மணலாகக் கிடந்து சிறுமீனை விழுங்கும். ஆரால் வலைமூடியின் இடுக்கில் நழுவிப் போய்விடும். இரண்டு விரல்கடை அளவில் கிடைக்கும் கெண்டைக் குஞ்சு எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் எடுக்காதீர்கள். கால் கிலோ கெண்டையாக வளரும் மீனின் குஞ்சும், வாழ்நாள் முழுக்க ஐந்து செ.மீ. தாண்டாத மீனும் அந்த வயதில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

குற்றாலம் பக்கத்து மலையோடை மீன்களையும் மறந்துவிடுங்கள். குளிர்ந்து ஓடும் தண்ணீரில் வாழ்பவை, வேளச்சேரி மே மாதத்தில் அவற்றுக்கு மூச்சு முட்டும். ‘மிஸ் கேரளா’ என்று கடையில் கிடைக்கும் செங்கோட்டு மீன் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. அலங்கார மீன் வணிகத்துக்காக அளவுமீறிப் பிடிக்கப்பட்டதால் அருகிப்போனது.

இனி நமக்கானவை.

உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னும் சிறுமீனை, கரையோரம் குனிந்து பார்த்தவர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அப்லோகைலஸ் என்ற பேரினம். அதில் பார்வஸ் சிறியது, பாஞ்சாக்ஸ் சற்றுப் பெரிது. நீர்மட்டத்திலேயே வாழும், கொசுப்புழு என்றால் உயிர். ஆறு மீன் விடலாம், ஆண் இரண்டுக்கு மேல் வேண்டாம். இதே கரையோரம் இதே அளவில் கம்பூசியாவும் இருக்கும். கொசு ஒழிப்புக்கென்று 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த வெளிநாட்டு மீன். அதற்கு வெள்ளிப் பொட்டு கிடையாது, முட்டையிடாமல் குட்டி போடும், மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் கிழிக்கும். தொட்டிக்குள் ஒன்றுகூட வரக்கூடாது.

இரண்டாவது, கட்டாயம் வளர்க்க வேண்டியது, சூடோஸ்ஃப்ரோமெனஸ் கூப்பானஸ். 6 செ.மீ. மீன். வால் ஈட்டிமுனைபோல் நீண்டிருக்கும். 1831-இல் இதை விவரித்தபோது மாதிரி மீன் வந்தது புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து. அந்தக் ‘குப்பம்’தான் பிரெஞ்சு வாயில் ‘கூப்பாங்’ ஆகி லத்தீனில் ‘கூப்பானஸ்’ ஆனது. கடையில் விற்கும் ஃபைட்டர் மீனுக்கு உறவு, ஆனால் அந்த அளவு சண்டைக்காரன் இல்லை. மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடும். அதனால்தான் தண்ணீருக்கு மேல் 5 செ.மீ. இடைவெளி கேட்டோம். இரண்டு ஜோடி போதும்.

மூன்றாவது அயிரை. குழம்புக்குப் பேர்போனது, தொட்டியிலும் கெட்டிக்காரன். இதன் அறிவியல் பெயரிலுள்ள ‘தெர்மாலிஸ்’ வந்தது திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீர் ஊற்றிலிருந்து. அப்படிப்பட்ட மீனுக்குச் சென்னைக் கோடை ஒரு பொருட்டல்ல. குறைந்தது ஆறு மீன் வேண்டும், தனியாக விட்டால் நாள் முழுக்க மணலுக்குள்ளேயே கிடக்கும். சிலசமயம் மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்று எடுத்துக் கீழே போகும், குடலால் காற்றை உறிஞ்சுகிற மீன் அது. பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லா மீனும் சேர்ந்து மேலே வாயைப் பிளந்து நின்றால்தான் பயப்பட வேண்டும்.

இந்த மூன்றும் மேல், நடு, அடி என்று ஒரே தொட்டியில் ஒத்துப்போகும். செல்லக்காசு மீன் மஞ்சளும் ஆரஞ்சுமாக எட்டு செ.மீ. வளரும், உப்பங்கழியிலும் நன்னீரிலும் வாழும், பெற்றோர் இரண்டும் சேர்ந்து குஞ்சைக் காக்கும். ஆனால் அந்தச் சமயத்தில் தொட்டியே தனக்கு என்று நிற்கும். அதற்குத் தனித் தொட்டி கொடுங்கள். கண்ணாடிபோல் உள்ளே எலும்பு தெரியும் சிறுமீன் உயிருள்ள இரையைத் தவிர வேறெதையும் லேசில் தொடாது. முதல் வருடம் வேண்டாம்.

பிடிப்பது

பள்ளிக்கரணைக் காப்புக்காடு, கிண்டி தேசியப் பூங்கா, வேடந்தாங்கல், கரிக்கிலி, பழவேற்காடு சரணாலயங்கள் பக்கம் வலையோடு போகவே கூடாது, வனத்துறைச் சட்டம் பாயும். செம்பரம்பாக்கம், புழல் போன்ற குடிநீர் ஏரிகளும் அப்படியே. ஊர் ஏரிகளில் மீன்பிடிக் குத்தகை ஏலம் விட்டிருப்பார்கள். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் ‘இந்தப் பொடிசை வச்சு என்னப்பா பண்ணுவே?’ என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவார். கேட்காமல் இறங்கினால் வேறு மாதிரிப் பேசுவார். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் எதிலும் கால் வைக்காதீர்கள். காலில் சிறு வெட்டுக்காயம் இருந்தாலே எலிக்காய்ச்சல் வரப் போதும்.

பொருத்தமான இடம் செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் வயல் வாய்க்காலும் சாலையோரப் பள்ளமும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் தெளியும் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை மீன் திடமாக இருக்கும். இன்னொரு நேரம் ஏப்ரல். வற்றிக்கொண்டிருக்கும் குட்டையில் எடுப்பது எப்படியும் கொக்குக்குப் போகிற மீன்தான். ஆனால் இளைத்துப் புழுவோடு இருக்கும், தனித்தொட்டி வேலை இரட்டிப்பு.

முப்பது செ.மீ. வாயுள்ள கைவலை, கண் 2 மி.மீ. வலையைத் துரத்தி வீசாதீர்கள். கரையோரச் செடியின் அடியில் மெல்லச் செருகி, கூட வந்தவர் காலால் செடியை அசைக்க, நேராக மேலே தூக்குங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டாம். வரப்பில் பாம்பு பார்த்து நடங்கள். பிடித்ததை ஒளி ஊடுருவும் டப்பாவில் அந்த இடத்துத் தண்ணீரோடு விட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். பொட்டு, கோடு, மீசை, வால் வடிவம் நான்கையும் பார்த்து, வேண்டாததை அந்த இடத்திலேயே அப்போதே விட்டுவிடுங்கள். வயிறு ஒட்டியது, துடுப்பு கிழிந்தது, உடலில் நூல் தொங்குவது எதுவும் வேண்டாம். சின்ன மீனாகவே எடுங்கள். முதிர்ந்தது பழக்கம் மாற்றிக்கொள்ளாது. ஓரிடத்தில் ஓரினத்தில் ஆறுக்கு மேல் தேவைப்படாது.

கொண்டுவரும்போது கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. நான்கு செ.மீ. மீன் என்றால் ஒரு பெரிய கவருக்கு ஐந்து. இரட்டைக் கவர் போட்டு தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். பைக்கின் முன்னால் மாட்டி ஜி.எஸ்.டி. சாலையில் மதியம் இரண்டு மணிக்கு வருவதுபோல் ஒரு கொலை வேறில்லை. அந்த இடத்துத் தண்ணீரின் டி.டி.எஸ்.சைக் குறித்துக்கொள்ளுங்கள், ஐந்து லிட்டர் கேனில் கூடவே எடுத்தும் வாருங்கள்.

முப்பது நாள் தனித்தொட்டி

நேராகப் பெரிய தொட்டிக்குப் போகக்கூடாது. 20 லிட்டர் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், சிறிது செடி, இறுகிய மூடி. ஃபில்டரைக் கடைசி இரண்டு வாரம் பெரிய தொட்டியில் ஓடவிட்டு எடுத்தால் பாக்டீரியாவும் கூடவே வரும். டப்பில் ஏரித் தண்ணீரில் மீனை வைத்து, உங்கள் தண்ணீரை ஏர் டியூப் வழியாக நொடிக்கு இரண்டு சொட்டாக இறக்குங்கள். ஏரி 300, வீடு 1100 என்றிருந்தால் ஒரு மணி நேரம் போதாது, இரண்டு நாளாகப் பிரித்துச் செய்யுங்கள்.

கல்லுப்பு லிட்டருக்கு 2 கிராம், 20 லிட்டருக்கு 40 கிராம், மூன்று தவணையாக. அயிரைக்குப் பாதி போதும். வாரம் இருமுறை பாதித் தண்ணீர் மாற்றுங்கள், எடுத்த அளவுக்கு உப்பும் சேருங்கள். தினமும் டார்ச் அடித்துப் பாருங்கள். உடலில் கறுப்பு மிளகுப் பொட்டுகள் இருந்தால் அது நத்தை வழியாக வரும் ஒட்டுண்ணி. தொட்டியில் பரவாது, விட்டுவிடலாம். பச்சை கலந்த வெள்ளை நூல் ஒரு செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் நங்கூரப் புழு. ஈரத்துணியில் மீனைப் பிடித்து, முளையின் அடியில் சாமணத்தால் பற்றி நேராக இழுங்கள், இடத்தில் பொவிடோன் அயோடினைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி விடுங்கள். முப்பது வினாடிக்குள் மீன் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். அந்தப் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் இருக்கும், ஆகவே மூன்று நான்கு வாரம் புதிது முளைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டிக்கொண்டே போனால், அல்லது ஆசனவாயில் சிவப்பு நூல் எட்டிப் பார்த்தால் குடற்புழு. லெவாமிசோல் லிட்டருக்கு 2 மி.கி., வெளிச்சம் இல்லாமல் 24 மணி நேரம், பிறகு முழுத் தண்ணீரும் மாற்றி, அடியில் கிடப்பதை உறிஞ்சி எடுக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும். புட்டியில் மருந்தின் செறிவு எவ்வளவு என்று படித்துக் கணக்குப் போடுங்கள்.

தீனிப் பழக்கமும் இங்கேயே நடக்கட்டும். முதல் இரண்டு நாள் எதுவும் வேண்டாம். பிறகு ஒரு வாரம் மொய்னா என்ற நீர்த்தெள்ளுப்பூச்சியோ கொசுப்புழுவோ. கொளத்தூர் மீன் கடைகளில் உயிர்த்தீனி கவரில் கிடைக்கும். சாக்கடையில் எடுத்த டியூபிஃபெக்ஸ் புழு மட்டும் வேண்டாம், நோயை விலைகொடுத்து வாங்குவதாகும். இரண்டாம் வாரம் உறைந்த ரத்தப்புழு. மூன்றாம் வாரம் ஒருநாள் பட்டினி போட்டு, மறுநாள் மொய்னாவோடு நொறுக்கிய பெல்லட்டையும் கலந்து தூவுங்கள். வெள்ளிப்பொட்டு மீன் முதலில் கற்றுக்கொள்ளும், மற்றவை அதைப் பார்த்துக் கற்கும். மிச்சத்தைப் பத்து நிமிடத்தில் உறிஞ்சி எடுங்கள்.

மாடியில் வாளி வைத்துக் கொசுப்புழு வளர்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நம் சூட்டில் டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழெட்டு நாள் போதும். மூன்று நாளுக்கொருமுறை முழுவதும் வடித்து, வாளியைத் தேய்த்துக் கழுவ முடியாதவர் இந்த வேலையில் இறங்கக்கூடாது. மாநகராட்சி அபராதம் ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் இன்னொரு பக்கம். பாசியால் பச்சையான 20 லிட்டர் தண்ணீரில் மொய்னா வளர்ப்பது நிம்மதி. தண்ணீர் தெளிந்ததும் ஒரு சிட்டிகை ஈஸ்ட் கரைத்து ஊற்றினால் போதும்.

கோடையும் கரண்ட் கட்டும்

மே மாதம் தொட்டித் தண்ணீர் 32, 33 வரை போகும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மி.கி. ஆக்ஸிஜன் தாங்கும் தண்ணீர் 32-இல் 7.3 மி.கி.தான் தாங்கும். தீனியைக் குறையுங்கள், வலைமூடியின் மேல் சின்ன மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். தண்ணீர் வேகமாக ஆவியாகும். இங்கேதான் சத்தமில்லாமல் ஒரு தப்பு நடக்கும். ஒரு செ.மீ. குறைந்தால் 2.7 லிட்டர். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே இருக்கும். 600 டி.டி.எஸ். தண்ணீரால் பத்து முறை நிரப்பினால் 16 கிராம் உப்பு கூடி, தொட்டியின் டி.டி.எஸ். 250 ஏறிவிடும். குறைந்ததை நிரப்ப ஆர்.ஓ. தண்ணீர், வாராந்திரம் 15 லிட்டர் மாற்றுவதற்கு வழக்கமான தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

2016 வர்தா, 2023 மிக்ஜாம் புயல்களில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் பேட்டரிகளும் அக்டோபரிலேயே வாங்கி வையுங்கள். அதுவும் தீர்ந்தால் அரை மணிக்கொருமுறை சொம்பில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து பத்துத் தடவை ஊற்றுங்கள். கரண்ட் வரும்வரை தீனி கிடையாது. கூப்பானஸும் அயிரையும் காற்றை விழுங்கிச் சமாளிக்கும், அந்த இரண்டையும் பட்டியலில் சேர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

குஞ்சு

கூப்பானஸ் ஜோடி பழகிவிட்டால் சொல்லிவிட்டு வராது. ஒருநாள் காலை பெண் மீன் கன்னங்கரேலென்று இருக்கும். நோய் என்று பதறி மருந்து ஊற்றிவிடாதீர்கள், முட்டையிடப்போகிற அடையாளம் அது. சிரட்டையின் உள்பக்கக் கூரையில் ஆண் நுரை கட்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், நுரைக்குள் வெள்ளை ரவைபோல் முட்டைகள் ஒட்டியிருக்கும். கீழே உதிர்வதை ஆண் வாயில் கவ்வி மேலே ஊதும். இரண்டு நாளில் பொரியும், இன்னும் மூன்று நாளில் நீந்தும். அதுவரை ஏர் பம்பைக் குறைத்து வையுங்கள், நுரை கலையக்கூடாது. குஞ்சின் வாய்க்கு மொய்னாகூடப் பெரிது. ஊறிய பாதாம் இலையில் மொய்க்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்தான் முதல் பத்து நாள் சாப்பாடு. அதனால் பழைய இலையை முழுவதும் எடுத்துவிடாதீர்கள். வெள்ளிப்பொட்டு மீன் கண்ணில் பட்டால் குஞ்சு மிஞ்சாது. நீந்தத் தொடங்கிய அன்றே குவளையால் மொண்டு தனி டப்புக்கு மாற்றுங்கள்.

பெருகிவிட்டால் ஏரியில் கொண்டுபோய்ப் போடுவது கூடாது, அதே ஏரியில் பிடித்ததாக இருந்தாலும்கூட. செடி, கடைத் தீனி, வேறு மீன் என்று எது வழியாகவோ வந்த நோயும் அதோடு போகும். சென்னை நீர்நிலைகளில் இன்று கடைகளில் தொட்டிக்கென்று விற்கும் வெளிநாட்டுச் சக்கர் மீன் மண்டிக்கிடப்பது யாரோ நல்லெண்ணத்தில் ‘பிழைத்துப் போகட்டும்’ என்று விட்டதால்தான். மீன் வளர்க்கும் நண்பருக்குக் கொடுங்கள், கொடுக்கும்போது பாதித் தண்ணீரையும் ஒரு பிடி வேலம்பாசியையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்க ஆளில்லை என்றால் சிரட்டையைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டு, மிதக்கும் செடியையும் பாதியாகக் குறையுங்கள். நுரை கட்ட இடம் குறைந்தால் முட்டையும் குறையும்.